பிரிட்டனில் வயது வந்தோர் கல்வியும் வீட்டு நேரமும்

பள்ளிப் பருவத்தைக் கடந்தபின், வேலைக்குப் போய்க்கொண்டோ குடும்பத்தைக் கவனித்துக்கொண்டோ படிப்பவர்களுக்கான கல்வி வயது வந்தோர் கல்வி எனப்படுகிறது. தமிழ்நாட்டில் முதியோர் கல்வி என்றதும் இரவுப் பள்ளியும் எழுத்தறிவு வகுப்பும் நினைவுக்கு வரும். பிரிட்டனில் இது அதைவிட விரிந்த பொருளில் வழங்கிவந்துள்ளது. ஆலைத் தொழிலாளி பொருளாதார வரலாறு படித்தது, கிராமத்துக் குடும்பத் தலைவி நாடகமும் கைவினையும் கற்றது, நடுத்தர வயதுப் பள்ளி ஆசிரியர் பட்டம் பெற்றது எல்லாம் இதில் அடங்கும். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் நிறுவனங்களையும் வரிசைப்படுத்துவர். படித்தவரின் வீட்டுக்குள் நின்று பார்த்தால் அந்த வரலாறு சற்று வேறாகத் தெரியும். வேலை, குடும்பம், பொழுதுபோக்கு என்று ஏற்கெனவே பங்கு போட்டாகிவிட்ட ஒரு நாளில் படிப்புக்கான நேரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, அதற்காக வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வீட்டுச் செலவுப் பணத்தில் தொடங்கிய சங்கம்

வேலை முடிந்த மாலையில் படிக்கும் ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜார்ஜ் பிர்க்பெக் என்ற மருத்துவர் முன்னின்று 1823இல் இலண்டனில் கைவினைஞர்களுக்கான கழகம் ஒன்றை நிறுவினார். 1830இல் அங்கே பெண்களும் சேர்க்கப்பட்டனர். இன்றுள்ள பிர்க்பெக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. கல்லூரிக்குப் போகாமலேயே தேர்வெழுதிப் பட்டம் பெறும் வழியை இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் திறந்தது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவர்களை இந்த இலண்டன் வெளிவாரித் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது. அக்காலத்து இலங்கைத் தமிழ் ஆசிரியர்கள், அலுவலர்கள் சிலரின் பெயருக்குப் பின்னால் ‘இலண்டன்’ என்று அடைப்புக்குறிக்குள் காணப்படும் பட்டம் இவ்வழியில் வந்ததாகும்.

ஆனால் உழைப்பாளர் குடும்பங்களுக்குள் உயர்கல்வி நுழைந்ததற்கு முக்கியக் காரணம் 1903இல் தோன்றிய ஒரு சங்கம். அதைத் தொடங்கிய ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் ஒரு தச்சரின் மகன். 14 வயதில் பள்ளியை விட்டவர், பின்னர் கூட்டுறவு மொத்த விற்பனை நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர். சங்கத்தின் முதல் மூலதனம் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அது அவருடைய மனைவி பிரான்செஸ் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. கணவனும் மனைவியுமே முதல் உறுப்பினர்கள். அப்படியிருந்தும் சங்கத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘உழைக்கும் ஆண்களின் உயர்கல்வி வளர்ச்சிச் சங்கம்’ என்னும் பொருள்படும் நீண்ட பெயர். 1905இல்தான் அது தொழிலாளர் கல்விச் சங்கம் என்று மாறியது. பணம் கொடுத்தவருக்கே பெயரில் இடமில்லாமல் இரண்டாண்டு கழிந்தது என்பதைப் பெரும்பாலான நூல்கள் ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. அது வேடிக்கை மட்டுமன்று.

லாங்டனும் ராச்டேலும்

1908 சனவரியில் இரண்டு ஊர்களில் பல்கலைக்கழகத் தரத்திலான வகுப்புகள் தொடங்கின. ஒன்று மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்போன லாங்டன். மற்றது பருத்தி ஆலைகள் நிறைந்த ராச்டேல். இரண்டுக்கும் ஆசிரியர் ஆர். எச். டானி. பின்னாளில் புகழ்பெற்ற பொருளாதார வரலாற்றாசிரியரான இவர் அப்போது கிளாஸ்கோவில் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் ரயிலேறி வந்து வெள்ளி மாலை லாங்டனிலும் சனி பிற்பகல் ராச்டேலிலும் பாடம் நடத்தினார்.

வகுப்பின் நிபந்தனைகள் எளியவை அல்ல. 3 ஆண்டுகள் தொடர்ந்து வர வேண்டும். ஆண்டுக்கு 24 வகுப்புகள். ஒவ்வொன்றும் 2 மணி நேரம், அதில் பாதி சொற்பொழிவு, பாதி கலந்துரையாடல். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். இவை பகல் முழுதும் சூளையிலோ தறியிலோ நின்றவர்களுக்கு விதிக்கப்பட்டவை. அவர்களும் ஏற்றுக்கொண்டனர். டானி 1912இல் வெளியிட்ட 16ஆம் நூற்றாண்டு நிலப்பிரச்சினை பற்றிய நூலின் முன்னுரையில், இந்த வகுப்புகளில் இருந்த நெசவாளர்களும் குயவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தம்மோடு வாதிட்டுத் தம் கருத்தைச் செப்பம் செய்ததை நன்றியோடு குறிப்பிட்டார். நூலை மான்ஸ்பிரிட்ஜுக்கும் வில்லியம் டெம்பிளுக்கும் காணிக்கையாக்கினார்.

ராச்டேலில் வகுப்பு சனிக்கிழமை பிற்பகலில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஆலைகளில் சனிக்கிழமை அரைநாள் வேலை. தொழிலாளிக்கு வாரத்தில் கிடைத்த முதல் ஓய்வு அந்தப் பிற்பகல்தான். கால்பந்தாட்டங்கள் அந்த நேரத்தில் நடந்ததற்கும் அதுவே காரணம். ராச்டேல் கால்பந்துக் கழகம் தோன்றியது 1907இல், அதாவது வகுப்புக்குச் சில மாதங்கள் முன்னால். ஊர்ப் பித்தளை வாத்தியக் குழு, பாட்டுக் குழு, புறா வளர்ப்பு, வாடகைக்கு எடுத்த சிறு தோட்டத்தில் காய்கறி போடுவது என்று உழைப்பாளரின் பொழுதுபோக்குகள் எல்லாம் அதே பிற்பகலுக்குத்தான் போட்டியிட்டன. நகராட்சிகள் இத்தகைய தோட்டத் துண்டுகளை ஒதுக்கித்தர வழிசெய்த சட்டமும் 1908இல்தான் வந்தது. ஆக, பொருளாதார வரலாற்றுக்குப் போட்டி முட்டைக்கோசு.

ராச்டேலுக்கு ஒரு முன்மரபும் இருந்தது. 1844இல் அங்கே கடை திறந்த கூட்டுறவு முன்னோடிகள் நூலகமும் படிப்பறையும் வைத்து, உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கிவந்தனர். மாவும் வெண்ணெயும் வாங்கிய கணக்கிலிருந்தே படிப்பு வளர்ந்த ஊர் அது.

கட்டுரை எழுதும் இடம் எது? அக்காலத் தொழிலாளர் வீட்டில் குளிர்காலத்தில் கணப்பு எரியும் அறை பெரும்பாலும் ஒன்றே. சமையல், துணி உலர்த்தல், பிள்ளைகளின் விளையாட்டு, கணவனின் கட்டுரை எல்லாம் அதே மேசையைச் சுற்றி. ஒருவர் எழுத மற்றவர்கள் ஓசையடங்கி இருக்க வேண்டும். வகுப்பின் வருகைப் பதிவேட்டில் இந்த மற்றவர்கள் இடம்பெறவில்லை.

நேரத்தைப் பற்றிய ஓர் அறிக்கை

முதல் உலகப் போரின் போது மறுசீரமைப்பு அமைச்சகம் வயது வந்தோர் கல்விக்கென ஒரு குழு அமைத்தது. ஏ. எல். சுமித் தலைவர். மான்ஸ்பிரிட்ஜும் டானியும் உறுப்பினர்கள். 1919இல் வெளிவந்த இதன் இறுதி அறிக்கை பரவலாக அறியப்பட்டது. வயது வந்தோர் கல்வி ஒரு சிலருக்கான ஆடம்பரமன்று, நாட்டின் நிலையான தேவை என்று அது வாதிட்டது. ஆனால் 1918இல் வந்த இடைக்கால அறிக்கைதான் இங்கே முக்கியமானது. பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் பற்றிப் பேசுமுன் அது வேலை நேரம், மிகைநேர வேலை, இரவு முறைப்பணி, வீட்டு வசதி ஆகியவற்றை ஆராய்ந்தது. ஒருவர் வகுப்புக்கு வராமல் போவதற்கு ஆர்வமின்மையைவிட இவையே காரணம் என்னும் பார்வை அதில் தெளிவாக இருந்தது. கல்வி பற்றிய ஓர் அரசு அறிக்கை வீட்டின் அறைகளைப் பற்றி அக்கறை கொண்டது அன்றைக்குப் புதுமை. இன்றைக்கும் அப்படி எத்தனை அறிக்கைகள் தொடங்குகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். 1919இல் பல தொழில்களில் வார வேலை நேரம் ஏறத்தாழ 48 மணியாகக் குறைந்தது. மாலை வகுப்புகளுக்கு அதனால் கிடைத்த ஊக்கம் கொஞ்சமல்ல.

பெண்களின் வழி

மிகைநேர வேலைக்கு வரம்பு விதிக்கலாம். வீட்டு வேலைக்கு அப்படி விதிப்பவர் யாருமில்லை. அதனால் மணமான பெண்களின் கல்வி வேறு வழியில் வளர்ந்தது. 1883இல் தொடங்கிய பெண்கள் கூட்டுறவுக் குழாம் அதில் முதன்மையானது. கடையில் பொருள் வாங்க வரும் பெண்களைக் கூட்டமாக்கி, கணக்கு, கூட்ட நடைமுறை, சட்டம், பொதுச் செய்திகள் ஆகியவற்றில் அது பயிற்சி தந்தது. அதன் செயலாளராக 1889 முதல் 1921 வரை இருந்த மார்கரெட் லெவலின் டேவிஸ், உறுப்பினர்கள் தம் வாழ்வைப் பற்றி எழுதியவற்றை 1931இல் நூலாகத் தொகுத்தார். வர்ஜீனியா உல்ஃப் அதற்கு முன்னுரை போன்ற கடிதம் எழுதினார். வீட்டு வேலைக்கும் ஆலை வேலைக்கும் நடுவே இப்பெண்கள் என்னென்ன நூல்களைப் படித்தார்கள் என்பதை அறிய அது அரிய சான்று.

மற்றொன்று விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்னும் மகளிர் மன்றம். 1897இல் கனடாவின் ஒன்டாரியோவில் தோன்றி, 1915இல் வேல்ஸின் ஆங்கிள்சீ தீவு வழியாக பிரிட்டனுக்கு வந்தது. பழப்பாகு செய்யும் பெண்களின் சங்கம் என்று இன்றும் கேலி செய்வோர் உண்டு. ஆனால் இம்மன்றங்கள் 1948இல் அபிங்டன் அருகே டென்மன் கல்லூரி என்ற தங்கிப்பயிலும் நிலையத்தையே நிறுவின. சில நாட்கள் வீட்டை விட்டு வந்து கைவினை, நாடகம், சமையல், உள்ளாட்சி என எதையும் அங்கே கற்கலாம். கிராமத்துப் பெண் ஒருவர் தன் படிப்புக்காக வீட்டை விட்டு நான்கு நாள் தனியே தங்குவது என்றால், அந்த நான்கு நாள் வீட்டில் யார் சமைப்பது என்ற கேள்வி முதன்முறையாக எழும். கற்ற பாடத்தைவிட அந்தக் கேள்வி எழுந்ததே பெரிது என்று கொள்ள இடமுண்டு. கல்லூரி 2020இல் மூடப்பட்டது.

பொழுதுபோக்கும் கல்வியா என்ற சர்ச்சை இக்காலம் முழுதும் நடந்தது. கூடை முடைதலுக்கும் பூ அலங்காரத்துக்கும் பொதுப்பணம் எதற்கு என்று கேட்டவர்கள் பலர். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஓய்வுநேரப் பண்பாட்டுப் பயிற்சியையும் மகிழ்வூட்டும் செயல்களையும் உள்ளாட்சியின் கல்விக் கடமைக்குள் சேர்த்தது. மாலை வகுப்புகளில் தச்சு, ஓவியம், தையல், அயல்மொழி ஆகியன அடுத்தடுத்த அறைகளில் நடந்தது இதன் விளைவு. தையலுக்கு வந்தவர் பிரெஞ்சு வகுப்பின் கதவைத் தட்டிப் பார்க்கவும் இந்த ஏற்பாடு இடம் தந்தது. இதைச் செலவுக் கணக்கில் காட்டுவது கடினம்.

அஞ்சலில் வந்த பல்கலைக்கழகம்

வீட்டையே வகுப்பறையாக்கிய மாற்றம் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு வந்தது. மைக்கேல் யங் 1962இல் இக்கருத்தை எழுதினார். தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் 1963 செப்டம்பரில் கிளாஸ்கோவில் ‘வானொலி-தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம்’ பற்றிப் பேசினார். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமைச்சர் ஜென்னி லீ. ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகளான அவர், ஏழைகளுக்கென்று மலிவான பட்டம் தரக்கூடாது, மற்றப் பல்கலைக்கழகங்களின் தரமே இதிலும் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த இயன் மெக்லியாட் இத்திட்டத்தை வெறும் பிதற்றல் என்று தள்ளினார். 1969இல் அரச சாசனம் கிடைத்தது. 1970இல் ஆட்சி மாறியபின் கல்வி அமைச்சரான மார்கரெட் தாட்சர் அதை மூடாமல் விட்டார்.

1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 பேர் படிக்கத் தொடங்கினர். முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. 21 வயது நிரம்பியிருந்தால் போதும். பாடநூல்கள் அஞ்சலில் வரும் என்பது ஏற்பாடு. அந்த மாதம் 20ஆம் தேதி பிரிட்டன் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது ஏழு வாரம் நீடித்தது. அஞ்சலை நம்பிப் பிறந்த பல்கலைக்கழகம் அஞ்சல் இல்லாமலே தன் முதல் பருவத்தை ஓட்ட நேர்ந்தது.

கணக்கு இப்படி இருந்தது. ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரமாவது படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பாடம் எடுத்தால், சாதாரணப் பட்டத்துக்குரிய 6 மதிப்பீடுகள் பெற 6 ஆண்டு, சிறப்புப் பட்டத்துக்கு 8 ஆண்டு. முதல் வகுப்பில் படிக்கும் பிள்ளை நடுநிலைப் பள்ளி முடிக்கும்வரை அப்பாவோ அம்மாவோ படித்துக்கொண்டிருப்பார். அந்த 10 மணி நேரம் தூக்கம், தோட்டம், சீட்டாட்டம், உறவினர் வீடு, பிள்ளைகளோடு கழிக்கும் மாலை ஆகியவற்றிலிருந்து வர வேண்டும்.

பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் பாடங்கள் ஒளிபரப்பாயின. வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலம். மாலையில் கணித விரிவுரை வரும் வேளையில் மற்ற அலைவரிசையில் சிறுவர் நிகழ்ச்சி ஓடும். காணொளிப் பதிவுக் கருவி அன்று சாதாரண வீடுகளில் கிடையாது. மறு ஒளிபரப்பையும் தவறவிட்டால் பாடம் போயிற்று. உண்மையில் மாணவர் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி அச்சிட்ட பாடநூல்களோடுதான் கழிந்தது. நிறுவனத்தின் முகமாகத் தெரிந்தது தொலைக்காட்சி. சுமையைத் தாங்கியது தபால்காரரும் சாப்பாட்டு மேசையும்.

அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைப் பெட்டி வீட்டுக்கே வந்தது. வேதிப்பொருள்கள், கண்ணாடிக் கருவிகள், கையடக்கமான பிளாஸ்டிக் நுண்நோக்கி ஆகியன அதில் இருக்கும். பாடம் முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். மூளையும் நடத்தையும் பற்றிய ஒரு பாடத்துக்குப் பதப்படுத்திய ஆட்டு மூளை வந்தது. அதைச் சமையலறையில் வைத்து அறுத்துப் பார்த்தவர்கள் இருந்தனர். வீட்டிலிருந்த மற்றவர்கள் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் கேட்கவில்லை.

அடிப்படைப் பாடங்களுக்குக் கோடைப் பள்ளி கட்டாயம். ஒரு வாரம் ஏதாவதொரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்க வேண்டும். அது குடும்பங்கள் கடற்கரைக்குப் போகும் மாதத்தில் வந்தது. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வார விடுப்பு உள்ள ஒருவருக்கு அதில் ஒரு வாரம் படிப்புக்குப் போய்விடும். பலருக்கு அந்த வாரமே முழு ஆண்டின் சிறந்த நினைவாக இருந்தது என்பதும் உண்மை. தன் வயதினரோடு இரவு முழுதும் புத்தகங்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பு பலருக்கு வாழ்வில் அதுவே முதல்முறை.

முதல் ஆண்டு மாணவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. அந்தப் பத்தாண்டின் முடிவில் பாதியை நெருங்கினர். புள்ளிவிவர அட்டவணைகளில் ‘குடும்பத் தலைவி’ என்று தனிப் பிரிவு இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. பள்ளி ஆசிரியர்கள் திரளாக வந்தனர். பட்டமில்லாமல் பயிற்சிச் சான்றிதழோடு பணியில் இருந்தவர்களுக்கு இது பதவியிலும் ஊதியத்திலும் உயர வழி. இதைப் பல்கலைக்கழகத்தின் தோல்வி என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஆயினும் அந்த ஆசிரியர்களில் பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பதை அவ்விமர்சனம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

வில்லி ரசல் 1980இல் எழுதிய ‘எஜுகேட்டிங் ரீட்டா’ நாடகம் இதன் இருண்ட பக்கத்தைத் தொட்டது. லிவர்பூலில் முடிதிருத்தும் பெண் ஒருத்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறாள். அவள் கணவன் அவளுடைய புத்தகங்களைத் தீயிலிடுகிறான். 1983இல் இது திரைப்படமானது. அவன் கெட்டவனாகக் காட்டப்படவில்லை என்பதே நாடகத்தின் நேர்மை. பிள்ளை வேண்டும் என்று கேட்கிறான், அவளோ முதலில் தன்னைக் கண்டறிய வேண்டும் என்கிறாள்.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. பிரிட்டன் முன்மாதிரியைப் பின்பற்றி இலங்கையில் 1980இலும், ஆந்திரப் பிரதேசத்தில் 1982இலும், தேசிய அளவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும் தோன்றின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் நிறுவப்பட்டது. கூட்டுக் குடும்பத்தில் படிக்கும் மருமகளுக்கு மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் உண்டு, ‘இந்த வயதில் எதற்கு’ என்ற பேச்சும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு நம் குடும்பங்களில் கல்யாணம், காதுகுத்தோடு மோதும். ராச்டேலின் சனிக்கிழமைக் கால்பந்துக்கு இது சமம்.

பிந்தைய நிலை

1980களில் காணொளிப் பதிவுக் கருவி பரவியபின் ஒளிபரப்பு நள்ளிரவுக்குப் போனது. மாணவர் தூங்க, கருவி பதிவு செய்தது. 2006 டிசம்பரோடு பி.பி.சி. வழிப் பாட ஒளிபரப்பு நின்றது. பாடங்கள் குறுந்தகட்டுக்கும் இணையத்துக்கும் நகர்ந்தன.

பெரிய அடி நேரத்தின் பக்கமிருந்து வரவில்லை, பணத்தின் பக்கமிருந்து வந்தது. ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர் அதே நிலையில் அல்லது கீழ்நிலையில் வேறொன்று படித்தால் அரசு மானியம் இல்லை என்ற விதி 2008இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. பொறியாளர் ஒருவர் ஓய்வுபெற்றபின் வரலாறு படிக்க விரும்பினால், அது அவருடைய சொந்தச் செலவு. 2012இல் கட்டணம் பெரிதும் உயர்ந்தது. கடன் கிடைக்கும் என்றாலும், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் செலவும் உள்ள 40 வயதினர் இன்னொரு கடனுக்குத் தயங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்வோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்தது. உள்ளாட்சிகளின் மாலை வகுப்புகளிலும் வேலைவாய்ப்புச் சான்றிதழ் தராதவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஓவியமும் தச்சும் பல ஊர்களில் முழுக் கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கான வகுப்புகளாயின.

மான்ஸ்பிரிட்ஜ் தம்பதியர் தொடங்கிய தொழிலாளர் கல்விச் சங்கம் இன்றும் இயங்கிவருகிறது. அதன் தொடக்கக் கதையைச் சொல்வோர் இப்போது பிரான்செஸின் பெயரையும் சேர்த்தே சொல்கின்றனர்.